மெழுகுத் தோட்டா

இடது கையுறைக்குள் கெசையா கம்பளியைத் திணித்துக்கொண்டிருந்தாள். விரல் விரலாக. கட்டைவிரலுக்குக் கொஞ்சம் தாராளமாக, சுண்டுவிரலுக்கு ஒரு சிட்டிகை. முள்வேலிகளில் ஆடுகள் விட்டுப்போன மயிரைப் பொறுக்கி வைத்திருந்த பை அவள் மடியில் இருந்தது. ஐந்து விரலும் நிறைந்ததும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். கை மாதிரித்தான் இருந்தது.

“ஹெட்டி, அப்பா மணிக்கட்ட தூக்கிப் பிடி.”

ஹெட்டி அலமாரியில் முதுகைச் சாய்த்தபடி நின்றாள். சவப்பெட்டிக்கும் அவளுக்கும் நடுவே நாலடி இருந்தது.

“உன்னத்தான்.”

“இரு கெசையா, நான் பிடிக்கறேன்,” என்று அடுக்களையிலிருந்து டோர்காஸ் வந்தாள். ஊரில் பிறப்புக்கும் இறப்புக்கும் முதலில் கூப்பிடுவது பக்கத்து வீட்டு டோர்காஸைத்தான். கையில் இருந்த கத்தியை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு மணிக்கட்டைத் தூக்கினாள். கெசையா கையுறையை மாட்டி, சட்டைக் கைக்குள் செருகி, இரண்டு தையல் போட்டாள். நூலைப் பல்லால் கடித்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.  வெள்ளிக்கிழமையிலிருந்தே அவள் ஹெட்டியிடம் ஒன்றும் சொல்லாமல்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

கெசையாவின் புருஷன் ஏமஸ் கால்வெர்ட் வியாழக்கிழமை சாயங்காலம் செத்தார். போருக்காக ஊர் ஆட்களே சேர்ந்து வைத்த ஊர்க்காவல் படை குவாரிப் பள்ளத்தில் துப்பாக்கிப் பயிற்சி செய்தது. அவர் விசையை இழுத்தார். குண்டு முன்னால் போகவில்லை. குழல் பக்கவாட்டில் கிழிந்தது. இடது கை போனது. கழுத்தில் ஒரு துண்டு இரும்பு. பதினோரு மைலுக்கு அப்பாலிருந்து டாக்டர் வந்து சேர்ந்தபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை. முப்பது வருஷம் அதே குவாரியில் வெடிமருந்தோடு வேலை பார்த்த மனிதர். ஒரு நகம்கூடப் போனதில்லை.

கெல்ட்பெக் ஊரில் செத்தவரைப் பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிட்டு மட்டும் போகக் கூடாது. நெற்றியில் கைவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வைக்காதவர் கனவில் செத்தவர் வருவார் என்பார்கள். அதைவிடப் பழைய பேச்சு ஒன்றும் உண்டு: சாவுக்குக் காரணமானவன் தொட்டால் பிணத்தில் ரத்தம் கசியும். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, அங்கேயே பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும் ஹெட்டிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவள் மூன்று நாளாகத் தொடாமல் ஏன் நிற்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா கேட்காமலே எண்ணிக்கொண்டிருந்தாள்.

“நீ வா இங்க, ரொட்டிய வெட்டு,” என்றாள் டோர்காஸ். “படிச்ச கைக்கு மெலிசா வெட்ட வரும்ல.”

அடுக்களை மேஜையில் ஒரு முழுப் பன்றித் தொடை, உப்புப் போட்டு வேகவைத்தது, பளபளவென்று இருந்தது. இந்தப் பக்கத்தில் சாவுக்குப் பன்றிக்கறி போடாவிட்டால் அனாதைப் பிணம் என்று பேசுவார்கள்.

“ரேஷன்ல ஏது இவ்ளோ கறி?”

“எந்தப் பன்னின்னு கேக்காத. அது பேரு எந்தக் கார்டுலயும் இல்ல. உங்கப்பாவுக்கு அத நல்லாத் தெரியும், பொறந்ததிலேர்ந்து முதுகு சொறிஞ்சு விட்டாரு.”

ஹெட்டி ரொட்டியை வெட்டினாள். மெலிசாக வரவில்லை.

பத்தரை மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஊர்க்காவல் படை சீருடையிலேயே வந்தது. எல்லாருக்கும் ஒரே அளவில் வந்த சீருடை. ஒருவருக்கும் சரியாக இல்லை. ஆயுதங்களை முற்றத்துச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார்கள். ஜன்னல் வழியே ஹெட்டி அந்த வரிசையைப் பார்த்தாள். வைக்கோல் வாருகிற கவை இரண்டு. தண்ணீர்க் குழாயின் நுனியில் பழைய துப்பாக்கிக் கத்தியை வைத்துப் பற்றவைத்த ஈட்டிகள் ஐந்து. அதை அரசாங்கம் யோசித்து, செய்து, ரயிலில் ஏற்றி அனுப்பியிருந்தது.

“எட்டு அடி நீளம்,” என்று டோர்காஸின் புருஷன் வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். “ஜெர்மன்காரன் வானத்துலேர்ந்து எறங்கறப்ப கீழ நின்னு பிடிச்சா போதுமாம்.”

“நீ பிடிச்சா அவன் சிரிச்சே சாவான்.”

“அடுப்புல நீட்டி ரொட்டி வாட்டலாம். நேத்து என் பொண்டாட்டி வாட்டினா.”

மூன்று வேட்டைத் துப்பாக்கிகள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. பிரிட்டனில் ஜனங்கள் வெறுங்கையோடு காவல் நிற்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்துவிட்டு அங்கே யார் யாரோ தங்கள் வீட்டுத் துப்பாக்கியைக் கழற்றிக் கொடுத்திருந்தார்கள். ஒன்றின் விசையில் ஒரு சின்ன அட்டை கட்டியிருந்தது. ‘இது என் கணவருடையது. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். வலது குழல் கொஞ்சம் மேலே சுடும்’ என்று ஓஹையோவில் ஒரு பெண் எழுதியிருந்தாள். அவள் கெல்ட்பெக்கைப் பார்த்ததில்லை. பார்க்கப்போவதும் இல்லை.

ஒரு மைல் தள்ளி பங்களாவில் இருந்த, படைக்குத் தலைவரான மேஜர் ஸ்கெல்டனும் ஒரு துப்பாக்கி கொடுத்தார். ஊர்ப் புல்வெளியில் எல்லாரையும் நிற்கவைத்து, போதகரை ஜெபிக்கச் சொல்லி, ஏமஸின் கையில் தானே கொடுத்தார். பங்களா நடைபாதைச் சுவரில் மான் கொம்புகளுக்கு நடுவே தொங்கிய துப்பாக்கி. இரும்பு நாடாக்களை முறுக்கிச் சுற்றி அடித்துச் செய்த குழல். பாம்புத் தோல் போல வரிவரியாக, பார்க்க அவ்வளவு அழகு. அவரிடம் நல்ல துப்பாக்கிகள் இரண்டு இருந்தன. அவை அவருடைய மகனுடையவை. மகன் மே மாதம் பிரான்சில் செத்துப்போனான். அவற்றை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. ஊர் அதைப் புரிந்துகொண்டது. ஹெட்டிக்கும் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடும் என்று யார் சொன்னது.

கரிக்கொட்டகைப் பக்கம் ஜேபஸ் தனியாக நின்று புகைபிடித்துக்கொண்டிருந்தான். பங்களாவின் வேட்டைக்காடு அவன் பொறுப்பு; படையில் சார்ஜென்ட். ஹெட்டி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

“அந்தத் துப்பாக்கிய நீங்கதான பங்களால துடைப்பீங்க?”

“வருஷத்துக்கு ரெண்டு தடவ தூசி தட்டுவேன்.”

“சுட்டதில்லையா?”

“எங்கப்பன் காலத்துலயே யாரும் சுட்டதில்ல. அது பழைய கறுப்பு வெடிமருந்துக்காகச் செஞ்சது, புள்ள. இப்ப வர்ற தோட்டாவோட வேகம் அதுக்கு ஜாஸ்தி. அதுல மெழுகு வேற ஊத்தினா...” நிறுத்திக்கொண்டான்.

“மேஜர்கிட்ட சொன்னீங்களா?”

ஜேபஸ் சுவரில் சாய்ந்திருந்த ஈட்டிகளைப் பார்த்தான். “குடுக்கறதுக்கு முந்தின நாள் சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“‘ஊருக்கு ஒரு தைரியத்துக்குக் குடுக்கறோம், ஜேபஸ். எவன் சுடப் போறான்’னாரு.”

“வியாழக்கிழம ‘சுடு’ன்னு சொன்னது யாரு?”

“அவருதான். நான் அந்தப் பக்கம் குறிப் பலகை நட்டுக்கிட்டு இருந்தேன்.”

“நாளன்னிக்கு சாவு விசாரணைல இத சொல்லுங்க.”

“நான் இருக்கற வீடு பங்களா வீடு. ஆறு உசுரு அதுக்குள்ள இருக்கு.”

“அப்ப எங்கப்பா முட்டாள். அப்படித்தான?”

“நான் சொன்னனா?”

“மேஜர் சொல்வாரு. நீங்க தலைய ஆட்டுவீங்க. தலையாட்டறதுக்கு வாடகை இல்லாம வீடு குடுத்திருக்காங்க.”

ஜேபஸின் முகம் சிவந்தது. சிகரெட்டைக் காலில் போட்டு நசுக்கினான். “ரொம்பப் பேசற. ஒவ்வொருத்தனுக்கும் தாள் குடுத்தோம். முறுக்கிரும்புக் குழல்ல மெழுகுத் தோட்டா போடாதன்னு அதுல தெளிவா இருந்துச்சு. பின்பக்கத்துல. உங்கப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினாரு. படிச்சிருந்தாருன்னா இன்னிக்கி நாம இங்க நின்னு இத பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்.”

ஹெட்டி சட்டென்று திரும்பினாள். உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தாள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இந்த அடுக்களை மேஜைக்கு வந்தது. ஹெட்டி நாற்பத்து மூன்று கட்டுரை நோட்டுகளோடு வீட்டுக்கு வந்திருந்தாள். இருபதைத் திருத்தி முடித்திருந்தாள். அப்பா எதிரே வந்து உட்கார்ந்தார்.

“கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டேன். இத கொஞ்சம் வாசி, ஹெட்டி.”

கண்ணாடி அவர் மேல்சட்டைப் பையில் இருந்தது. ஒன்பது வயதிலிருந்தே ஹெட்டிக்கு அது தெரியும். கண்ணாடி எப்போதும் காணாமல் போகும், தாள் என்று ஒன்று கைக்கு வந்தால். ஜெபக்கூடத்தில் பாமாலைப் புத்தகத்தைத் திறந்து பிடித்து உரக்கப் பாடுவார். நானூறு பாட்டும் மனப்பாடம். போன ஈஸ்டருக்கு வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டபோது மேடையேறி, புத்தகத்தைப் பார்க்காமலே பைபிளிலிருந்து ஒரு நீண்ட சங்கீதத்தைச் சொல்லி முடித்தார். கேட்டவர்கள் கண் கலங்கிப்போனார்கள். கையெழுத்து மட்டும் அழகாகப் போடுவார். கெசையா கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு அதை ஒரு வாரம் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

ஹெட்டி வாசித்தாள். தோட்டாவின் வாயைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஈயச் சன்னங்களின் மேல் உருகிய மெழுகை ஊற்ற வேண்டும். ஆறியதும் மூட வேண்டும். அப்போது சன்னங்கள் சிதறாமல் ஒரே கட்டியாகப் போய்த் தாக்கும்.

“இது பைத்தியக்காரத்தனம்ப்பா. டாங்கிய மெழுகுவத்திய வெச்சு நிறுத்தப் போறீங்களா?”

“நீ வாசி, வாசி.” சிரித்தார். ஒவ்வொரு வரியையும் உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

“அவ்ளோதான். முடிஞ்சுது.” தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுப்புப் பக்கம் காலுறை பின்னிக்கொண்டிருந்த கெசையா தலையைத் தூக்கினாள். “பின்னாலயும் ஏதோ அச்சடிச்சிருக்கே.”

“அது ஒண்ணுமில்லம்மா.”

ஹெட்டி அந்த எழுத்துகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இருபத்தோராவது நோட்டைத் திறந்தாள். அப்பா ஜெபக்கூடத்து மெழுகுவர்த்தித் துண்டுகளைப் பால் சட்டியில் உருக்கினார். சட்டி பாழாகிறது என்று அம்மா கத்தினாள். ஐந்து தோட்டா. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அவ்வளவு கவனமான கை.

பதினோரு மணிக்கு மேஜர் ஸ்கெல்டன் வந்தார். முன்னறையில் நின்ற இருபது பேரும் நகர்ந்து வழி விட்டார்கள். யாரோ நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. மழைக்கோட்டு, பளபளக்கும் பெல்ட், தோல் கையுறை. தொப்பியை மட்டும் கழற்றினார்.

“மிசஸ் கால்வெர்ட், உங்க துக்கத்துல நாங்க எல்லாரும் பங்கு எடுத்துக்கறோம். ஏமஸ் நல்ல மனுஷன்.”

“ஆமா சார்,” என்றாள் கெசையா.

“இந்த நேரத்துல இத கொண்டுவர எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. புதன்கிழமை விசாரணை. குடும்பத்துல ஒருத்தர் இதுல கையெழுத்துப் போட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும். உங்கள அவ்ளோ தூரம் வரச் சொல்ல மாட்டாங்க.” கோட்டின் உள்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். “உங்க பொண்ணு படிச்சவதான. வாசிச்சுக் காட்டட்டும்.”

ஹெட்டி வாங்கினாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, வகுப்பில் வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

“மெழுகிட்ட தோட்டாக்கள் குறித்த எழுத்து மூலமான அறிவுரை காலஞ்சென்றவருக்கு முறைப்படி வழங்கப்பட்டது. அதை அவர் வாசித்து, புரிந்துகொண்டு, கையொப்பமிட்டார். அதன் பின்னும் அந்த அறிவுரைக்கு மாறாக, தம் சொந்த அஜாக்கிரதையால் நடந்துகொண்டதே விபத்துக்குக் காரணம்.”

அஜாக்கிரதை. குவாரிக்காரர்கள் நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெடிமருந்துக்காரனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்வதும் திருடன் என்று சொல்வதும் அவர்களுக்கு ஒன்றுதான்.

“சரியாத்தான இருக்கு?” என்றார் மேஜர். பேனாவை நீட்டினார்.

‘வாசித்து’ என்ற இடத்தில் ஹெட்டியின் கட்டைவிரல் நின்றது. அந்த அறையில் இருபது பேர். அந்த ஒரு வார்த்தை பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஐம்பத்தெட்டு வருஷம் ஒரு மனிதர் காப்பாற்றி வைத்திருந்த ரகசியம் அது. கையெழுத்துப் போட்டால் அவர் படித்தவராக, கவனமில்லாத முட்டாளாகக் குழிக்குள் போவார். போடாவிட்டால்?

“போட்டுக் குடுத்துடு,” என்றாள் கெசையா, மெதுவாக. கண் வேறொன்று சொன்னது. வேண்டாம்டி. அதை மட்டும் சொல்லாதே.

“அவருக்கு வாசிக்கத் தெரியாது,” என்றாள் ஹெட்டி.

யாரோ செருமினார்கள். ஜெபக்கூடத்துக் கணக்குப்பிள்ளை முன்னால் வந்தார். “என்னம்மா பேசற? ஈஸ்டருக்கு சங்கீதம் வாசிச்சாரே. நானே கேட்டேனே.”

“மனப்பாடம். நான்தான் சொல்லிக் குடுத்தேன். பதினாலு ராத்திரி.”

“பாமாலை?”

“அதுவும்.”

கெசையா நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜருக்காகப் போட்ட நாற்காலி.  டோர்காஸ் அவள் தோளில் கைவைத்தாள், கெசையா அதைத் தட்டிவிட்டாள்.

“அந்தத் தாள வாசிச்சது நான்தான்,” என்றாள் ஹெட்டி. “முன்பக்கம். பின்பக்கத்துலயும் அச்சு இருக்குறத பாத்தேன். பாத்துட்டுத் திருப்பல. எனக்கு நோட்டு திருத்தற வேல இருந்துச்சு.”

மேஜர் மூச்சை விட்டார். அது நிம்மதிதான், மறைக்கத் தெரியவில்லை அவருக்கு. “அப்படின்னா, மிஸ் கால்வெர்ட், இதுல தப்பு...”

“பாதி என்னோடது. எழுதித் தர்றேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியும்ல சார்?”

“என்ன கேள்வி இது?”

“ரெண்டு பக்கமும் வாசிச்சீங்களா?”

“நிச்சயமா.”

“வாசிச்சிட்டு, அவரு கைல இருக்கறது எந்தத் துப்பாக்கின்னு தெரிஞ்சு, நாலடி தள்ளி நின்னுக்கிட்டு ‘சுடு’ன்னீங்க. உங்க வீட்டுச் சுவத்துல நாப்பது வருஷம் தொங்கினது. அந்தக் குழல் முறுக்கிரும்புன்னு ஓஹையோக்காரிக்கா தெரியும்?”

“ஹெட்டி!” என்றது யாரோ பின்னால்.

“குடிகாரன் மாதிரி பேசாத, பொண்ணே. சாவு வீடு,” என்றார் கணக்குப்பிள்ளை.

“சாவு வீட்டுல இல்லாம வேற எங்க பேசறது? பங்களாலயா? அங்க பின்வாசல் வழியாத்தான் விடுவாங்க.”

மேஜரின் கழுத்து சிவந்தது. “அந்தத் துப்பாக்கி நல்ல நிலைமைல இருந்துச்சு.” ஜேபஸைத் தேடித் திரும்பினார். “சார்ஜென்ட். நீங்க சொல்லுங்க. நல்ல நிலைமைலதான இருந்துச்சு?”

ஜேபஸ் கதவோரம் நின்றான். தொப்பியைக் கையில் பிடித்து அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றி உருட்டினான். ஒரு முழுச் சுற்று வந்தது. இன்னொரு சுற்று. அவன் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. ‘ஆமாம்’ என்றும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் மேஜர் கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. 

ஹெட்டி காகிதத்தைப் பெட்டியின் மூடி மேல் வைத்தாள். மூடி சுவரோரம் இரண்டு ஸ்டூல்களின் மேல் கிடந்தது. அச்சடித்த வரிகளுக்குக் கீழே எழுதினாள். எழுத எழுத உரக்கச் சொன்னாள். ஏமஸ் கால்வெர்ட்டுக்கு வாசிக்கத் தெரியாது. தாளின் ஒரு பக்கத்தை மட்டும் நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்தத் துப்பாக்கி எப்படிப்பட்டது என்பது அதைக் கொடுத்தவருக்குத் தெரியும். சுடச் சொன்னவரும் அவரே. கீழே முழுப்பெயரைப் போட்டாள்: ஹெஸ்டர் கால்வெர்ட், பி.ஏ.

பி.ஏ.வை ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கை பழக்கத்தில் போட்டுவிட்டது. அடிக்கலாமா என்று யோசித்தாள். அடிக்கவில்லை.

மேஜர் காகிதத்தை வாங்கி மடித்தார். கிழித்துப் போடுவார் என்று டோர்காஸின் புருஷன் பின்னால் பந்தயம் கட்டினான், அவர் கிழிக்கவில்லை. உள்பையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

“சார்,” என்றாள் ஹெட்டி. “தொடாம போறீங்க.”

“எனக்கு இந்த வழக்கத்துல...”

“ஊருக்கு இருக்கு. பொறந்ததிலேர்ந்து இங்கதான இருக்கீங்க.”

அவர் வலக் கையுறையைக் கழற்றினார். விரல் விரலாக இழுத்துக் கழற்ற வேண்டியிருந்தது. பெட்டியருகே போய் ஏமஸின் நெற்றியில் கையை வைத்தார். வயதான கை, நரம்பு புடைத்திருந்தது. எண்ணினால் மூன்று வரை வரும், அவ்வளவு நேரம். ரத்தம் ஒன்றும் கசியவில்லை. செத்தவர்களுக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. ஆனாலும் கையை எடுத்ததும் மேஜர் தன் விரல்களைக் குனிந்து பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

ஹெட்டி அந்த நாலடியைக் கடந்தாள். கையைத் தூக்கினாள்.

“மூடுங்க,” என்றாள் கெசையா.

பெட்டி செய்த தச்சர் தயங்கினார். “பொண்ணு இன்னும் தொடலயேம்மா.”

“நேரமாச்சு. மூடுங்க.”

கெசையா எழுந்து வந்து பெட்டிக்கும் மகளுக்கும் நடுவே நின்றாள். குள்ளமான பெண்பிள்ளை, ஹெட்டியின் மோவாய் வரைதான் வருவாள். “ஊரு முன்னாடி அந்த மனுஷன அம்மணமாக்கிட்டல்ல,” என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “போதும். இனி அவர தொடாத.”

மூடியைத் தூக்கி வைத்தார்கள். ஆறு திருகாணி. தச்சருக்கு முழங்கை வலி. ஒவ்வொன்றும் இறங்க வெகு நேரம் ஆனது. ஹெட்டி தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஜெபக்கூடம் ஒன்றரை மைல். வாலிபர்கள் ஒருவரும் ஊரில் இல்லை. தூக்கியவர்களில் இளையவனுக்கே ஐம்பத்திரண்டு வயது. முன்னால் ஜேபஸும் டோர்காஸின் புருஷனும், பின்னால் குவாரிக்காரர்கள் இருவர். தோள் மாற்றுவதற்கு நாலு பேர் பின்தொடர்ந்தார்கள். கெசையா பெட்டிக்குப் பின்னால் தனியாக நடந்தாள். டோர்காஸ் நீட்டிய கையையும் அவள் பிடிக்கவில்லை. ஹெட்டி ஓரமாக, புல்லில் நடந்தாள். யாரும் அவளோடு பேசவில்லை. கணக்குப்பிள்ளையின் மனைவி பாவாடையை ஒதுக்கிக்கொண்டு தாண்டிப் போனாள்.

பாதி வழியில் மலைப்பக்கச் சந்திலிருந்து ஆடுகள் வந்தன. அக்டோபர் சந்தைக்கு இறக்கிக்கொண்டு போகிற மந்தை. முந்நூறாவது இருக்கும். மேய்ப்பவன் பெட்டியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நாயை அதட்டினான். ஆடுகளுக்கு யார் சொல்வது. இரண்டு பக்கமும் கல் சுவர். சாலை நிறைய முதுகுகள். தோள் மாற்றுகிறவர்கள் மந்தைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு பேர் ஈட்டியைக் குறுக்கே பிடித்து ஆடுகளைத் தடுத்தார்கள்.

“பாத்தியா, உதவுதுல்ல,” என்றான் ஒருவன்.

ஒரு கிழட்டு ஆடு ஈட்டிக்குக் கீழே நுழைந்து ஜேபஸின் முழங்காலில் முட்டியது. அவன் மடங்கினான். பெட்டியின் முன்மூலை சரிந்தது. உள்ளே ஏதோ நகர்ந்த சத்தம் கேட்டது.

ஹெட்டிதான் பக்கத்தில் இருந்தாள். தோளைக் கொடுத்தாள். மரம் கழுத்தெலும்பில் இடித்தது. அவ்வளவு கனத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கையாலும் அடிப்பலகையைப் பிடித்துத் தூக்கினாள்.

“பொம்பளையா தூக்கறது?” என்றது பின்னால் ஒரு குரல்.

“வந்து நீ தூக்கு, வா, ஆட்டு மேல ஏறி வா,” என்றாள் டோர்காஸ்.

மந்தை போய் முடிந்தது. ஜேபஸ் கால்சராயைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தான். “விடு புள்ள, நான் பிடிக்கறேன்.”

ஹெட்டி விடவில்லை. அவன் கொஞ்ச நேரம் கூடவே நடந்தான். பிறகு பின்தங்கினான்.

அவள் நடை மற்றவர்களோடு சேரவில்லை. அவர்கள் ஒரு காலை வைக்கும்போது அவள் மறுகாலை வைத்தாள். பெட்டி தோணி மாதிரி ஆடியது. பக்கத்தில் தூக்கியவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான். இருபது முப்பது அடி அப்படியே போனார்கள்.

“கால மாத்து,” என்றாள் பின்னாலிருந்து கெசையா. “எல்லாருக்கும் இடது.”

ஹெட்டி ஒரு எட்டை விழுங்கிக் காலை மாற்றினாள். பெட்டி ஆடுவது நின்றது.